காதில் பஞ்சு

“இப்ப இருக்கற பிள்ளைங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு வாத்தியார் வேணும். கேலி பண்றதுக்குக்கூடப் பாடமா?”

கொட்டகைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார் ஹூபெர்ட். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. கார்னிவல் திங்கள் நெருங்கிவிட்டது. ஜெர்மனியின் ரைன் நதிக்கரை ஊர்களில் எல்லாக் கொட்டகைகளிலும், ஊர்ப் பெரிய மனுஷர்களைக் கேலி செய்யும் பொம்மைகளோடு ஊர்வல வண்டிகள் தயாராகிக்கொண்டிருந்தன. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதறிப்போய், வண்டிமேல் இருந்த காகிதக் கூழ் பொம்மையைத் தார்ப்பாயால் மூடினார்கள்.

“ஐயா, ஊர்வலத்துக்கு முன்னாடி வண்டியை யாருக்கும் காட்டக் கூடாது. வழக்கம் உங்களுக்குத் தெரியாதா?” ஸ்வென்யா வழியை மறித்தாள்.

“வழக்கத்தை எனக்கே சொல்லித் தர்றியா? இழுக்கப்போறது என் டிராக்டர். என்னத்த இழுக்கறோம்னு தெரியாம இழுக்க நான் என்ன மாடா?”

அவர் டிராக்டர் வராவிட்டால் வண்டி கொட்டகையிலேயே கிடக்க வேண்டியதுதான். பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தார்கள்.

அனெக்ரெட் டீச்சர் கையிலிருந்த பசையைத் துடைத்துக்கொண்டாள். “காட்டுங்க. முதல்ல பழசு.”

மூலையில் ஒரு பன்றித் தலை கிடந்தது. நடுமண்டையில் வழுக்கை.

“பன்னி,” என்றார் ஹூபெர்ட்.

“ஆமாங்கய்யா,” என்றான் யான் என்ற பையன்.

“யாரை வேணாலும் பன்னின்னு சொல்லலாமே. என் மச்சினனை நான் தினம் சொல்றேன். அவன் பாட்டுக்குத் தின்னுட்டுத்தான் இருக்கான்.”

“அதனாலதான் ஓரங்கட்டிட்டோம்,” என்றாள் டீச்சர். “வழுக்கை அவர் செஞ்ச தப்பா? வெறுமனே திட்டினா ஊரு அவருக்குத்தான் பரிதாபப்படும். அவர் செஞ்சதைக் காட்டணும். அப்பத்தான் ஊரு சிரிக்கும், அவருக்கும் உறைக்கும். இதைப் புரியவைக்க எனக்கு ஒரு மாசம் ஆச்சு.”

“அப்படி என்ன செஞ்சுட்டான் அந்த ஆளு?”

ஸ்வென்யா தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

“தீயணைப்பு நிலைய மாடியில எங்களுக்குன்னு ஒரே ஒரு ரூம் இருந்துச்சு. மழையில நிக்காம உக்காந்து பேச வேற இடமே இல்ல. எங்க பாட்டுச் சத்தம் தாங்கலன்னு பேண்டு தலைவர் பூட்டிட்டார். ஆனா ஞாயித்துக்கிழமை விடியறதுக்குள்ள அவரோட பேண்டு கீழ ஊத ஆரம்பிச்சு ஊரையே எழுப்புது. போய்க் கெஞ்சினோம். காதுலயே வாங்கல. அந்த ரூம் எங்களுக்கு வேணும். அவ்ளோதான்.”

யான் தார்ப்பாயை இழுத்தான்.

கன்னம் உப்ப டிரம்பெட் ஊதும் ஒரு பெரிய மனுஷன். இரண்டு காதிலும் தலையணை கணக்காகப் பஞ்சு. அவர் உட்கார்ந்திருந்தது ஒரு சின்னக் கதவின்மேல். கதவிடுக்கில் பிள்ளைகளின் விரல்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

ஹூபெர்ட் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். கை தானாகக் கோட்டுப் பைக்குள் போனது. சிரிப்பு வந்தது; அதை இருமலாக்கி விழுங்கினார்.

“சிரிச்சா பூட்டு தொறந்துடுமா, டீச்சரம்மா?”

“தொறக்கும்னு நம்பறோம்.”

“நான் நம்பல. எத்தனை ஊர்வலம் பாத்துட்டேன். சிரிப்பாங்க, பீர் குடிப்பாங்க, மறுநாள் குப்புறப் படுத்துத் தூங்குவாங்க. வேறெதுவும் நடக்காது.”

“அப்போ... டிராக்டர்?” என்று கேட்டான் யான்.

“வரும், வரும்.” கதவருகே போனவர் திரும்பினார். “ஆனா அந்த மூக்கை மாத்துங்க. இப்படியே விட்டா ஊர்ல ஒருத்தனும் நம்ப மாட்டான். என் மூக்கு அதைவிடப் பெருசு.”

சிரிப்பாவது, பூட்டைத் திறப்பதாவது என்று முணுமுணுத்தபடியே, பைக்குள் இருந்த மாடியறைச் சாவியை விரல்களால் உருட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போகும் பாதையை விட்டுத் தீயணைப்பு நிலையத்தின் பக்கம் நடந்தார் பேண்டு தலைவர்.