வெந்தயக் கஞ்சிப் பக்குவம்

"மாத்திரையை நீங்க போடுறீங்களா, இல்ல மாட்டுக்குப் போடுறீங்களா அண்ணி?"

மலர்க்கொடி சுகர் மிஷினைச் செவ்வந்தியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு. வலங்கைமான் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை பார்ப்பதும், பெயர் பதிந்தவர்களுக்கு மட்டும் மாதாமாதம் இலவச மாத்திரை கொடுப்பதும் அவள் வேலை. போன மாதமும் இந்த வீட்டில் இதே கூத்துதான் நடந்தது.

"தவறாமப் போடுறேனே. இந்தா பாரு." செவ்வந்தி மாத்திரை அட்டைகளை எடுத்துக் காட்டினாள். காலைக்கும் ராத்திரிக்குமாக எல்லாம் காலி. ஒன்றுகூட மிச்சமில்லை.

"அப்ப திருட்டுத்தனமா இனிப்பு திங்கிறீங்க."

"அட போ மலரு. காப்பியில சீனி போட்டு வருசக் கணக்காச்சு."

மலர்க்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. களை பறிக்கும்போது நத்தை ஓடு கிழித்த புண், செவ்வந்தியின் கால் பெருவிரலில் ஆறாமல் கிடந்தது. ஓரமெல்லாம் கறுத்துவிட்டது.

"அண்ணி, சுகர் எறங்கலேன்னா அடுத்த வாரம் வெரலை எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீங்க என்னடான்னா கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க!"

"ஏன் தங்கச்சி சத்தம் போடுற?" என்று கேட்டபடி வயலிலிருந்து வந்தார் செவ்வந்தியின் கணவர் ரெத்தினம். குறுவை நடவு நேரம். முழங்கால் வரை சேறு. "நம்மகிட்டதான் காப்பீட்டுக் கார்டு இருக்கே. அதைக் காட்டி நல்ல ஊசியா வாங்கிப் போட்டுட வேண்டியதுதானே?"

"அண்ணே, அந்தக் கார்டு ஆஸ்பத்திரியில படுத்தாத்தான் பேசும். வெளிக்கடையில வாங்குற ஊசி, மாத்திரைக்கெல்லாம் வாயே தொறக்காது. வெரலை வெட்டணுமா, முழுச் செலவும் வந்துரும்."

"அதாவது, வெட்டுறதுக்குக் குடுப்பான். வெட்டாம இருக்கக் குடுக்க மாட்டான்."

"ஆமாண்ணே."

"ரொம்ப நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு ரெத்தினம் கால் கழுவப் போனார்.

கழுவிவிட்டு வந்தவர், வழக்கம்போல விரலை நீட்டினார். மலர்க்கொடி வரும்போதெல்லாம் இது ஒரு சடங்கு. "எங்க, எனக்கும் குத்து. பாத்துருவோம்."

நூற்றெட்டு.

"பாத்தியா! அறுவது தாண்டியாச்சு. இன்னி வரைக்கும் ஒரு மாத்திரையைக் கையால தொட்டதில்ல." ரெத்தினத்துக்குக் குத்தகை நிலம் மூன்று ஏக்கர்தான். வாய் மட்டும் முப்பது ஏக்கர்.

"சரிண்ணே, எதுக்கும் உங்க பேரையும் பதிஞ்சு வைக்கட்டுமா? வருசத்துக்கு ஒருக்கா எல்லா டெஸ்ட்டும் எடுப்பாங்க."

"பேரா? வேற வெனையே வேணாம்! கீழத்தெரு வீரையன் இப்படித்தான் சுகர்னு பேரைக் குடுத்தான். சேத்துல எறங்கக்கூடாதுன்னு டாக்டர் சொன்னது நெலத்துக்காரர் காதுக்குப் போயிருச்சு. அடுத்த போகம் குத்தகை கைமாறிருச்சு. இப்ப திருவாரூர்ல வாச்மேனா உக்காந்திருக்கான். எனக்கு எதுக்கு அந்தப் பேரு? எனக்கு மருந்து இதான்."

செவ்வந்தி நொண்டிக்கொண்டே போய் எடுத்து வந்த சொம்பை வாங்கி, ஒரே மூச்சில் குடித்தார். வெந்தயக் கஞ்சி. முகத்தைச் சுளித்தார்.

"கசக்குது. கசந்தாத்தான மருந்து! காலையில ஒரு சொம்பு, ராத்திரி ஒரு சொம்பு. இவ கைப்பக்குவம் அப்படி. என்ன, ஊருக்கெல்லாம் வைத்தியம் பாப்பா, தனக்குப் பாத்துக்க மாட்டா" என்று மனைவியைக் கேலி பண்ணிவிட்டு, மறுபடியும் நடவுக்குக் கிளம்பினார்.

அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது மலர்க்கொடிக்கு.

"ஏன் அண்ணி, இவ்வளவு நல்ல கஞ்சியை நீங்களும் குடிச்சாத்தான் என்ன?"

"ஒரு ஆளுக்குத்தான் காணும் மலரு."

"ஒரு கை அரிசி கூடப் போட்டா கொறைஞ்சா போயிருவீங்க? சரி, பக்குவத்தையாவது சொல்லுங்க, எழுதிக்கிறேன். ஊருல நாலு பேரு பொழைக்கட்டும்."

செவ்வந்தி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். ரெத்தினம் வாய்க்காலைத் தாண்டி வரப்பில் இறங்கியிருந்தார். சத்தம் போட்டால்கூடக் கேட்காது.

"பச்சரிசி நொய்யி ஒரு கைப்பிடி. வெந்தயம் ரெண்டு ஸ்பூன். பூண்டு நாலு பல்லு. நல்லாக் கொழைய வேகவிட்டு எறக்கணும்."

"அப்புறம்?"

"கை பொறுக்குற சூட்டுக்கு வந்ததும், நீ குடுக்குற வெள்ளை மாத்திரை இருக்குல்ல, அதுல ஒண்ணை நல்லா நுணுக்கிப் போட்டுக் கலக்கணும்."

சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்த மலர்க்கொடி, 'நுணுக்கி' வரைக்கும் எழுதிவிட்டாள்.

"அண்ணி! அண்ணனுக்கா சுகரு?"

"கொல்லையில அவரு ஒண்ணுக்குப் போற எடத்துல எறும்பு மொய்க்க ஆரம்பிச்சு ரெண்டு வருசமாச்சு. சொன்னா வீம்புக்குக் குடிக்க மாட்டாரு. அவரு பேரைப் பதியாம நீயும் தனியாக் குடுக்க மாட்ட." செவ்வந்தி விரலில் வந்து உட்கார்ந்த ஈயை விரட்டினாள். "என் வெரலு போனா கார்டு குடுக்கும். அவரு காலு போயி, குத்தகை போனா, அதுக்கு எந்தக் கார்டு குடுக்கும் மலரு?"