சிவந்த வளையம்

ஜெய்லானி தொழுகை, நோன்பு என்று மார்க்கத்தையே விட்டவன். மனைவி இறந்தபின், நோன்பு பிடித்தால்தான் மகள் சஃபூராவோடு தன் வீட்டில் இருக்கலாம் என்றுவிட்டார் மச்சான். நோன்பு பிடிப்பவர்களின் மணிக்கட்டில் அவர் மாட்டிவிடும் பச்சை வளையம், ஒரு மிடறு தண்ணீர் இறங்கினாலும் சிவந்துவிடும். துறைமுகத்தில் ஐஸ் பெட்டி சுமந்தும் அவன் நாக்கை நனைக்கவில்லை.

வீடு திரும்பினால், முதல் நோன்பு பிடித்த சஃபூரா குழாயடியில் அழுதுகொண்டிருந்தாள். அவள் வளையம் சிவந்திருந்தது.

"மறந்து குடிச்சிட்டேன்த்தா. மாமா நம்ப மாட்டாரு."

மறந்து குடித்தால் நோன்பு முறியாது என்பது ஜெய்லானிக்குத் தெரியும், வளையத்துக்குத் தெரியாது. அவளுடையதைக் கழற்றித் தான் போட்டுக்கொண்டு, தன்னுடையதை அவளுக்கு மாட்டினான்.

மாலையில் நோன்பு திறக்கக் கஞ்சிக்கு உட்கார்ந்ததும் மச்சான் அவன் கையைப் பார்த்தார்.

"பச்சப் புள்ள தாங்குது, உனக்கென்னடா கேடு? காலையில கிளம்பிரு. புள்ள இங்கயே இருக்கட்டும்."

சஃபூரா மாமாவைப் பார்த்தாள். பிறகு அவனிடம், "ஏன்த்தா குடிச்சீங்க?" என்றாள்.

ஜெய்லானி வறண்ட நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டான்.

"தாகமா இருந்துச்சும்மா."