மூன்று முறை அழைத்தும்

"ஏங்க, உயிரோட இருக்கார்னு சொல்றது யாரு? செத்துட்டார்னு சொல்றது யாரு?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாடிக்காரர் இப்படிக் கேட்டதும் சலூன்காரர் விழித்தார். அவரே அரைமணி நேரமாக அந்தக் குழப்பத்தில்தான் இருந்தார்.

உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருபது வருடமாகக் கடை வைத்திருப்பவர் அவர். வக்கீல்கள் தலையைக் கொடுத்துவிட்டு அளக்கிற கதைகளைக் கேட்டுக் கேட்டு, ஒரு நாளாவது உள்ளே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. பின்வரிசையில் பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று வாடிக்கை வக்கீல் ஒருவர் சொல்லியிருந்தார். இன்று கடைக்கு விடுமுறை. சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வந்து பார்த்தால் சப்பென்று இருந்தது. மேஜையைத் தட்டுகிறவரும் இல்லை, வசனம் பேசுகிறவரும் இல்லை. ஆளாளுக்குக் காகிதத்தைப் பார்த்து முணுமுணுத்தார்கள். கறுப்பு அங்கியில் எல்லாரும் ஒரே மாதிரி தெரிந்தார்கள். பின்மண்டையை வைத்துத்தான் சலூன்காரரால் ஆளையே அடையாளம் காண முடிந்தது.

"எனக்கு ஒரு காது சரியாக் கேக்காதுங்க. கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார் தாடிக்காரர்.

"உங்க கேஸா?"

"இல்லைங்க. சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

தன்னைப் போல இன்னொரு ஆள் அகப்பட்டதில் சலூன்காரருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. குரலைத் தாழ்த்தி, நல்ல காதுப் பக்கமாகச் சாய்ந்தார்.

"முன்னாடி பச்சைப் புடவையில ஒரு பொண்ணு உட்கார்ந்திருக்கு பாருங்க, அது போட்ட கேஸு. அதோட அப்பா குடிநீர் நிலையத்துல பம்ப் ஓட்டுனவராம். பதினோரு வருஷத்துக்கு முந்தி வேலைக்குப் போறேன்னு போனவர், திரும்பவே இல்லை. இத்தனை வருஷமாக் காணோம்னா செத்துட்டார்னுதானே அர்த்தம், அப்படியே எழுதிக் குடுத்துடுங்க, அவரோட வேலை எனக்குக் கிடைக்கும்னு கேக்குது. வீட்டுல அம்மாவும் அதுவும் மட்டும்தான். அடுத்த மாசத்தோட வயசு வரம்பு வேற தாண்டிடுமாம்."

"அந்த உயரமானவரு?"

"அரசாங்க வக்கீல். அவர்தான் உயிரோட இருக்கார்னு சாதிக்கிறார். மனுஷன் தானாத்தான் ஓடிப்போனான், எங்கேயோ நல்லாத்தான் இருப்பான், ஓடிப்போனவன் வேலையைப் பொண்ணுக்குத் தர முடியாதுங்கிறார்."

சொல்லி முடித்ததும் சலூன்காரருக்கே தலை சுற்றியது. பெற்ற மகள், அப்பா செத்துவிட்டார் என்று மன்றாடுகிறாள். முன்பின் தெரியாத ஒருவர், அவர் நன்றாக இருப்பார் என்று மல்லுக்கு நிற்கிறார். இதில் யார் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது?

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார் தாடிக்காரர்.

"எனக்கு ஒரு மண்ணும் விளங்கலை. ஆனா அந்த ஆள் மட்டும் என் கையில சிக்கினான்னு வைங்க, பாதி மீசையை வழிச்சுட்டுத்தான் அனுப்புவேன். பள்ளிக்கூடம் போற பிள்ளையை விட்டுட்டு ஓடியிருக்கான் பாருங்க, பாவி!"

"வழிக்க வேண்டியதுதான்" என்றார் தாடிக்காரர்.

அப்போது நீதிபதி அம்மா தலை நிமிர்ந்தார். "பேப்பர்ல விளம்பரம் குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சும்மா. யாரும் வரலை."

"எதுக்கும் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்துடுங்க."

நெஞ்சில் குறுக்குப் பட்டை போட்டிருந்த டவாலி வாசலுக்குப் போனார். காணாமல் போனவரின் பெயரைச் சொல்லி அடித்தொண்டையிலிருந்து கூவினார். கூடத்தில் முணுமுணுப்பு அடங்கிப்போனது.

இரண்டாவது முறையும் கூவினார். சலூன்காரர் கழுத்தை நீட்டி வாசலையே பார்த்தார். எவனாவது வந்து தொலைத்தால் இந்தப் பெண்ணின் கதி என்ன ஆகும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. தான் யார் பக்கம் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாவது முறை. வராந்தாவில் யாரோ இருமினார்கள். அவ்வளவுதான்.

நீதிபதி அம்மா மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டே போக, கீழே இருந்தவர் தட்டச்சு செய்தார். இரண்டே நிமிடம். அடுத்த வழக்கின் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். பச்சைப் புடவைப் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"ஐயோ, தோத்துடுச்சா?" என்று பதறினார் சலூன்காரர்.

முன்வரிசையிலிருந்து வாடிக்கை வக்கீல் திரும்பினார். "நீயா? இங்க என்னய்யா பண்றே? அந்தப் பொண்ணு ஜெயிச்சுடுச்சு. அப்பா இறந்துட்டதா உத்தரவு போட்டாச்சு. வேலையும் குடுத்தாகணும்."

ஜெயித்தவள் எதற்கு இப்படி அழுகிறாள்? சலூன்காரருக்கு அதுவும் புரியவில்லை. கண்ணைத் துடைத்தபடி அவள் அவர்களைக் கடந்து வெளியே போனாள். தாடிக்காரர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவள் படி இறங்கிப் போகும்வரை அந்த வார் சரியாகவில்லை.

வராந்தாவுக்கு வந்ததும் சலூன்காரர் அவர் தோளைத் தட்டினார். "பாவம், உங்களுக்குப் பாதிக்கு மேல கேட்டிருக்காது. அந்த டவாலி போட்ட சத்தமாவது காதுல விழுந்துச்சா?"

"அது நல்லாவே விழுந்துச்சுங்க" என்றார் தாடிக்காரர், எதிர்வெயிலில் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "பதினோரு வருஷமா யாரும் என்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடலையா, முதல் தடவையே 'இருக்கேன்'னு வாய் வரைக்கும் வந்துடுச்சு."