ஷாக் அடிக்காத பட்டை

நீளமான ஆங்கில வார்த்தையை வகுப்பில் மகிழினி தப்பாகப் பிரித்து உச்சரித்தால், அவளுடைய அம்மா செல்வராணியின் மணிக்கட்டுப் பட்டையில் ஷாக் அடிக்கும். பிள்ளையின் படிப்பில் பெற்றவர்களுக்கு அக்கறை வர வேண்டுமாம். பள்ளியில் சேர்த்த அன்றே பூட்டி அனுப்பினார்கள். கழற்றினால் டி.சி.யைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

'ரெஃப்ரிஜிரேட்டர்' பாடம் நடந்த அன்று, திருப்பூர் பனியன் கம்பெனியில் செல்வராணி காலர் தைத்துக்கொண்டிருந்தாள். ஷாக்கில் கை உதறியது. மெஷின் ஊசி கட்டைவிரலில் இறங்கியது. மாலையில் கட்டுப்போட்ட அந்த விரலையே மகிழினி பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து பட்டை ஒருமுறைகூட ஷாக் அடிக்கவில்லை. மகள் தேறிவிட்டாள் என்று உடன் தைப்பவர்களுக்கெல்லாம் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள் செல்வராணி.

நேற்று பள்ளியில் கூப்பிட்டனுப்பினார்கள்.

"உங்க பொண்ணு கிளாஸ்ல வாயே தொறக்கறதில்லைங்க. பேச்சு வராத குழந்தைகளுக்குன்னு தனி ஸ்கூல் இருக்குது, அங்க சேர்த்துருங்க," என்றார் டீச்சர்.

வீட்டில் ஓயாமல் பேசுகிறவள் மகிழினி.

கேட்டுக்கு வெளியே வந்ததும், மகிழினி அம்மாவின் கையைத் திருப்பி, வகுப்பு நேரத்தில் மட்டும் எரியும் பட்டையின் விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ரி... ஃப்ரிஜ்... அ... ரே... டர்."

ஒரு பிசகில்லை.

"தெரிஞ்சும் ஏன் கண்ணு சொல்லாம இருந்தே?"

"ஒருவேளை தப்பாயிட்டா?" என்றாள் மகிழினி, அம்மாவின் கட்டைவிரலைப் பொத்திப் பிடித்துக்கொண்டு.