ஷாஃப்டில் ஒரு ஒயர்

"தானா விழுற கட்டடம்னா ஒரு பக்கமா சாயும், மாப்ளே. இது நின்ன இடத்துலயே உட்கார்ந்துச்சு. குண்டு வச்சு இறக்கினாதான் அப்படி இறங்கும்."

லிஃப்ட் மெக்கானிக் அட்டைப்பெட்டியின் வாயை மடக்கி டேப் ஒட்டினார். பல வருடமாகக் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளித்துப்போன பேச்சு. இன்றோடு அதுவும் முடிகிறது. நண்பர் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு வேறு ஊருக்குப் போகிறார். மகள் வாசலில் காரில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

இருவரும் அந்த நாற்பது மாடிக் கட்டடத்தில் வேலை பார்த்தவர்கள். இவர் லிஃப்டுகளைப் பார்த்துக்கொண்டார். நண்பர் கீழ்த்தளத்துக் காவல் அறையில் சூப்பர்வைசர். தீப்பிடித்து அது சரிந்த பிறகு மிஞ்சியது வேலி போட்ட ஒரு வெற்று மைதானமும் இந்தச் சண்டையும்தான்.

"தீயில இரும்பு இளகிடும், மச்சான். மேல இருக்கிற எடை அப்படியே கீழ அமுக்கிடும். இதை உனக்குச் சொல்லிச் சொல்லியே என் பல்லு விழுந்துடுச்சு."

"ஜன்னல்ல மாடி மாடியா புகை பீய்ச்சி அடிச்சுச்சே, அது?"

"மாடி அமுங்கினா உள்ள இருக்கிற காத்து எங்க போகும்? ஜன்னல் வழியாத்தான் வரும்."

"டம் டம்னு சத்தம் கேட்டுச்சுன்னு எத்தனை பேர் சொன்னாங்க."

"நாற்பது மாடி விழுந்தா தாலாட்டா கேட்கும்?"

சூப்பர்வைசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடுகிற ஆள் இல்லை. பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"குண்டு வைக்கிறது என்ன பட்டாசு கொளுத்துற வேலையா?" என்றார் மெக்கானிக். "தூணைத் துளைக்கணும். மாடிக்கு மாடி ஒயர் இழுக்கணும். ஒயர் இறங்கணும்னா என் ஷாஃப்டு வழியாத்தான் இறங்கணும். லிஃப்டு ஓடுற அந்தக் குழி ஒவ்வொண்ணும் எனக்கு உள்ளங்கை மாதிரி. எனக்குத் தெரியாம ஒரு நூல் இறங்கியிருக்காது. நீ குண்டுன்னு சொல்றப்பெல்லாம் என் வேலையைத்தான் குறை சொல்ற."

"பெரிய வேலை. மூணாம் நம்பர் லிஃப்டை உன்னால கடைசி வரைக்கும் சரி பண்ண முடிஞ்சுதா?"

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை வயதிலும் அவருக்கு வெட்கம் வந்தது.

ஒருநாள் மூன்றாம் நம்பர் லிஃப்டு இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோனது. உள்ளே முப்பத்தொன்றாம் மாடி டைப்பிஸ்ட், தனியாக. இவர் லிஃப்டின் கூரைமேல் இறங்கி, ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு, மேல்மூடி வழியாக அவளோடு பேசிக்கொண்டே இருந்தார். ஐந்து நிமிட வேலை ஒரு மணி நேரம் இழுத்தது. அதன்பின் அந்த லிஃப்டு அவள் ஏறும்போது மட்டும் அடிக்கடி மக்கர் செய்தது.

காவல் அறையில் இருந்தவருக்கு இது தெரியாமல் போகுமா? அவர்தான் அவள் வீட்டுக்குப் போய்ப் பேசி முடித்தார். கல்யாணத்தில் அவளுக்கு அண்ணனாக நின்றார். அன்றிலிருந்துதான் மாப்ளே, மச்சான் எல்லாம்.

கட்டடம் போன அன்றே அவளும் போனாள். மெக்கானிக் உதிரிப் பாகம் வாங்க வெளியே போயிருந்தார். சூப்பர்வைசர் கடைசி நேரத்தில் ஓடி வெளியே வந்தார். அதன்பிறகு இரண்டு பேரும் கட்டடத்தைப் பற்றித்தான் பேசினார்கள், அவளைப் பற்றிப் பேசவில்லை. கட்டடத்தைப் பேசும்போது அவள் பக்கத்தில் இருப்பதுபோல மெக்கானிக்குக்குத் தோன்றும். அதற்காகவே வாராவாரம் சண்டைக்கு வருவார்.

மகள் உள்ளே வந்தாள். "மாமா, கிளம்பணும். போறதுக்கு முன்னாடி நீங்களாவது அப்பாவுக்குப் புத்தி சொல்லுங்க. ராத்திரில தூங்குறதே இல்ல. எழுந்து உட்கார்ந்து இந்தக் கட்டடக் கதையையே தனியா பேசிக்கிட்டு இருக்கார். டாக்டர் குடுத்த மாத்திரையும் கேட்கல." சொல்லிவிட்டு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

சூப்பர்வைசர் அவள் போகும்வரை காத்திருந்தார். "ஊரு உலகம் எப்படியோ சொல்லட்டும். நீ ஒரே ஒரு தடவை சொல்லேன், மாப்ளே. குண்டுதான்னு. உன் வாயால கேட்டுட்டா எனக்குப் போதும்." குரல் கெஞ்சியது.

மெக்கானிக் டேப்பைக் கீழே வைத்தார்.

"உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன், மச்சான். கடைசி வாரம் நாலாம் நம்பர் ஷாஃப்டுல எனக்குத் தெரியாத ஒயர் ஒண்ணு ஓடுச்சு. டெலிபோன்காரங்க போட்டிருப்பாங்கன்னு விட்டுட்டேன். என் வேலைக்குக் கெட்ட பேர் வந்துடுமேன்னு விசாரணையிலயும் சொல்லல. நீ சொன்னதுதான் சரி. வெறும் தீக்கு அது விழுந்திருக்காது."

"சத்தியமாவா?"

"சத்தியமா."

"அப்போ அது விழப்போகுதுன்னு யாருக்கும் தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்ல, இல்லையா?"

"யாருக்கும் இல்ல. நீயும் நானும் என்னத்தைக் கண்டோம்?"

சூப்பர்வைசர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்றும் இல்லாதபடி நிமிர்ந்து நடந்துபோய்க் காரில் ஏறினார். கார் முனை திரும்புவதற்குள்ளேயே அவர் தலை சீட்டில் சாய்ந்து கண் மூடியதை மெக்கானிக் பார்த்தார்.

அப்படி ஒரு ஒயரை அவர் எந்த ஷாஃப்டிலும் பார்த்ததில்லை. தீப்பிடித்த அன்று முப்பத்தொன்றாம் மாடியிலிருந்து மனைவி கடைசியாகப் போனில் சொன்னதையும் அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை: "நான் இறங்கலைங்க. கட்டடத்துக்கு ஒண்ணும் ஆகாது, அவங்கவங்க இடத்துலயே இருங்கன்னு மைக்குல சொல்லிக்கிட்டே இருக்காங்க. வேற யாராவது சொன்னா நம்பமாட்டேன், பேசுறது நம்ம அண்ணன்."