தறிகளுக்கு நடுவே தியானம்

சோமனூரில் ஒரு தறிக்கூடம். எட்டு விசைத்தறிகளின் சத்தமும் மண்டையைப் பிளக்கிறது. பிரஷருக்கு டாக்டர் சொன்ன பத்து நிமிட தியானத்தில், சுவரோரம் கண்மூடி உட்கார்ந்திருக்கிறார் அங்கப்பன். அவர் தறிகளையும் மனைவி காளியாத்தாளே ஓடி ஓடிப் பார்க்கிறாள். உள்ளே வந்த முதலாளி பாலுசாமி, குனிந்து அவர் கன்னத்தில் ஓங்கி அறைகிறார். "வேலை நேரத்துல தூக்கமாடா? நாளைக்கு வந்துராத!" "ஐயோ, அவரு தூங்கலீங்க!" என்று காளியாத்தாள் அலறுகிறாள். கிழிந்த உதட்டிலிருந்து ரத்தம் பனியனில் சொட்டுகிறது. அங்கப்பன் கண் திறக்கவில்லை. முதலாளி மறுபடி கை ஓங்குகிறார். மூடிய கண்களோடே அங்கப்பன் சொல்கிறார்: "உங்க பொறத்தால தறியில நாடா சத்தம் மாறுதுங்க. சட்டுனு உக்காருங்க." பாலுசாமி பதறி உட்காருகிறார். நூலைச் சுமந்து குறுக்கே ஓடும், இரும்பு மூக்கு வைத்த மர நாடா தறியைவிட்டுத் தெறித்து, அவர் தலைக்கு மேலே பறந்து சுவரில் மோதிப் பிளக்கிறது. காளியாத்தாள் பாய்ந்து அந்தத் தறியை நிறுத்துகிறாள். பாலுசாமி எழவில்லை. மூடிய அந்தக் கண்களுக்கு எதிரே, சம்மணம் போட்டவர் மாதிரி, மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.