வரியில் விரல் வைத்து

"சேர், வைச்சிராதீங்க! ரெண்டாம் தரமும் பிறின்டரக் காணல்லண்டு வருது. நான் எல்லாத்தையும் கெடுத்துப்போட்டன்!"

றம்லா ரீச்சரின் குரல் உடைந்தது. தொலைபேசியின் மறுமுனையில், காற்றின் இரைச்சலுக்கு நடுவே ஓர் ஆண் குரல் கேட்டது.

"தங்கச்சி, நீங்க..."

"காத்தான்குடியில இருந்து றம்லா, சேர். கொம்பியூட்டரோட நீங்க அனுப்பின ரெண்டு தாள்ல உள்ளபடிதான் செஞ்சன், சத்தியமா!" அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள்.

"சரி, சரி. முதல்ல அழுகைய நிப்பாட்டுங்க," என்றது குரல். "என்ன நடந்ததெண்டு ஆறுதலாச் சொல்லுங்க."

பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பிரெயில் புள்ளிகளில் அச்சிடும் பிறின்டர் றம்லாவின் பாடசாலையில் ஒன்றுதான் இருந்தது. அதை இருபது வருடப் பழைய கணினி ஒன்றில் மட்டுமே மாட்ட முடியும். போன வாரம் அந்தக் கணினி படுத்துவிட்டது. ஏறாவூரில் நிஸ்தார் என்பவர் சல்லி வாங்காமல் அதில் புதிய லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். ஆனால் பிறின்டர் மாட்டும் அகன்ற பழைய போர்ட்டைப் புதிய லினக்ஸுக்கு அடையாளம் தெரியவில்லை. கேர்னல் எனப்படும் அதன் அடிப்படை நிரலை, பழைய போர்ட்டையும் சேர்த்து மறுபடி உருவாக்க வேண்டும். அதற்கான வழியை நிஸ்தார் இரண்டு தாள்களில் எழுதி அனுப்பியிருந்தார். அவரை றம்லா நேரில் கண்டதுமில்லை, அவரோடு பேசியதுமில்லை. தாளின் அடியில் தொலைபேசி இலக்கம் மட்டும் இருந்தது.

"நாளைக்குத் தவணைப் பரீட்சை, சேர். கண் தெரியாத எங்கட அம்னாக்கு வினாத்தாள் அடிக்கணும். போன தவணை மெசின் பழுதெண்டு கேள்விய வாசிச்சுக் காட்டினம். மத்தப் பிள்ளைகள் சிரிச்சதுகள். வெறுந்தாளக் குடுத்துட்டு எழும்பிப் போயிட்டா. இந்தத் தரமும் அப்பிடியெண்டா இனி ஸ்கூலுக்கே வரமாட்டாவாம்."

வாசலில் அதிபர் பாறூக்கின் தலை தெரிந்தது. "என்ன ரீச்சர், இன்னும் அந்தக் கிழட்டுப் பெட்டியோட மல்லுக்கட்டா? அஞ்சு மணிக்கு ஸ்கூல் கேட்டப் பூட்டணும். பேசாம வாசிச்சே காட்டுவம்."

"ஆரு அது?"

"எங்கட அதிபர், சேர்."

"அஞ்சு மணிக்கு இன்னும் நேரம் கிடக்கெண்டு சொல்லுங்க."

அழுகைக்கு நடுவிலும் றம்லாவுக்குச் சிரிப்பு வந்தது.

"தாள் கையில இரிக்கா? முதல் வரியில இருந்து சத்தமா வாசிச்சு வாசிச்சுச் செய்யுங்க. நான் கேட்டுக்கொண்டிரிக்கன்."

வாசித்தாள். திரையில் நூற்றுக்கணக்கான வரிகளோடு ஒரு பட்டியல் விரிந்தது. தேவையான வரிகளில் வை (Y) அல்லது எம் (M) என்ற ஆங்கில எழுத்தைப் போட வேண்டும்.

"சேர், இதில வை போடவா, எம் போடவா?"

"தாள் என்ன சொல்லுது?"

"வை."

"பிறகென்ன கேள்வி?"

"பிழைச்சா?"

"பிழைச்சாத் திருப்பிச் செய்வம். பழையது அழிஞ்சு போகுமெண்டா எழுதியிரிக்கு?"

"இல்ல. பழைய கேர்னல் பத்திரமா இரிக்குமெண்டு கடைசியில போட்டிரிக்கு."

"அப்ப என்னத்துக்குப் பயம்?"

தாளுக்கும் திரைக்கும் கண் ஓடியதில், பாதி வழியில் வரி தவறிவிட்டது. "எங்க வாசிச்சனெண்டு தெரியல்ல, சேர்."

"வரியில விரல வைச்சு வாசிங்க."

அம்னாவுக்கு அவள் தினமும் சொல்வதும் அதைத்தான். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். எட்டாவது வரிக்குக் கீழே விரல் நின்றது.

"யா அல்லாஹ்! சேர், இதுக்குக் கீழ இன்னொரு வரி இரிக்கு! போர்ட்டுக்கு மட்டும்தான் வை போட்டிரிக்கன். பிறின்டருக்கும் தனியாப் போடணுமாம். ரெண்டு தரமும் விட்டுட்டன்!"

"ரெண்டு தரமும் அழுதழுதுதானே வாசிச்சீங்க?"

புதிய கேர்னல் உருவாக ஐம்பது நிமிடம் எடுக்கும் என்று தாளில் இருந்தது.

"முடிஞ்சதும் எடுங்க," என்றார் அவர். "நான் சிக்னல் இரிக்கிற இடத்திலேயே நிக்கன்."

றம்லா அஸர் தொழுதுவிட்டு வந்து கணினியின் முன் உட்கார்ந்தாள். ஒருமுறை மின்விசிறி சோர்ந்து நிற்கப் பார்த்தது. அவளுடைய நெஞ்சும் நிற்கப் பார்த்தது. நல்லவேளை, கரண்ட் போகவில்லை.

மறுபடி அழைத்தபோது முதல் மணியிலேயே எடுத்தார்.

"முடிஞ்சிட்டு, சேர். இப்ப அணைச்சுத் திருப்பிப் போடணும்."

"ஆண்டவன நினைச்சு அமத்துங்க."

"பிஸ்மில்லாஹ்."

திரை கறுத்தது. வெள்ளை எழுத்துகள் ஓடின, நின்றன, மறுபடி ஓடின. றம்லா வினாத்தாளை அச்சுக்கு அனுப்பினாள். மூலையில் கிடந்த பிறின்டர் ஒருமுறை உறுமியது. பிறகு டக்டக்கென்று தடித்த தாளில் புள்ளிகளைக் குத்தத் தொடங்கியது.

சத்தம் கேட்டு ஓடிவந்த அதிபர், தாளைத் தடவிப் பார்த்தார். "முடியுமட்டும் அடிங்க, ரீச்சர். அவசரமில்ல. கேட்டடியில நான் நிக்கன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நிஸ்தார் சேர், கேக்குதா? அடிக்குது! அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்வான். உங்களப் போல படிச்ச ஆக்கள் இவ்வளவு பொறுமையா..."

"இரிங்க, தங்கச்சி. இனியும் மறைக்கப்படாது," என்றது குரல். "நீங்க நம்பர மாறி அடிச்சிட்டீங்க. நான் பனிச்சங்கேணியில இறால் புடிக்கிற சீனித்தம்பி, கொம்பியூட்டர இண்டுவரைக்கும் தொட்டதில்ல. நீங்க அழுத அழுகைக்கு, நம்பர் பிழையெண்டு சொல்லிப்போட்டு வைக்க மனம் வரல்ல."